எடையேற்றிய வளையத் தண்டால்

எடையேற்றிய வளையத் தண்டால் என்பது, தொங்கும் இரண்டு சீருடற்பயிற்சி வளையங்களைக் கைகளால் ஊன்றி நின்று, முழங்கையை மடக்கி உடலைக் கீழிறக்கி மீண்டும் மேலுயர்த்தும் பயிற்சியை, உடலில் கூடுதல் எடை பூட்டிக்கொண்டு செய்வதாகும். உடற்பயிற்சிக் கூடங்களில் இது ரிங் டிப்ஸ் என்று வழங்கப்படுகிறது. மார்பு, தோள், மேற்கையின் பின்புறம் ஆகிய பகுதிகளின் வலிமையை வளர்க்கும் பயிற்சிகளுள் இது கடினமானவற்றில் ஒன்று.

பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் காணப்படும் இணைக் கம்பிகளில், அதாவது பேச்சு வழக்கில் டபுள் பார் எனப்படுவதில், செய்யும் தண்டாலுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கம்பி அசையாது, வளையம் அசையும். எனவே இப்பயிற்சியில் முன்னேற்றத்தை அளக்கவேண்டியது எத்தனை கிலோகிராம் பூட்டப்பட்டது என்பதைக் கொண்டு அன்று. அவ்வெடையுடன் வளையங்கள் எவ்வளவு அசையாமல் நிற்கின்றன என்பதைக் கொண்டே. இதனை மறந்து எடையை மட்டும் கூட்டுவோருக்குத் தோள்மூட்டிலும் மார்புத் தசையிலும் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

வரலாறு

வளையப் பயிற்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில், குறிப்பாக செருமனியின் சீருடற்பயிற்சி இயக்கத்தில், வளர்ச்சி பெற்றது. 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே வளையம் ஒரு போட்டியாக இடம்பெற்றது. அதில் கிரேக்கத்தின் இயோன்னிசு மித்ரோபூலோசு முதலிடம் பெற்றார். சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த ஆர்மீனியரான ஆல்பர்ட் அசர்யான் 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் வளையத்தில் தங்கம் வென்றவர். அண்மைக் காலத்தில் சீனாவின் லியூ யாங் 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ போட்டியிலும் (2021இல் நடைபெற்றது), 2024 பாரிசு போட்டியிலும் இதே பிரிவில் தங்கம் வென்றார்.

போட்டியில் தண்டால் தனி அங்கமாக மதிப்பெண் பெறுவதில்லை. கைகளை இருபுறமும் நீட்டிச் சிலுவை போல் நிற்றல் முதலிய வலிமை நிலைகள் மதிப்பிடப்படுகின்றன. அவற்றை 2 நொடிகள் அசையாது நிறுத்திக் காட்டவேண்டும். கை, வளையத்தைத் தாங்கும் வடத்தில் உரசினால் மதிப்பெண் குறையும். இந்நிலைகளுக்குத் தேவையான வலிமையைத் தரும் ஆயத்தப் பயிற்சிகளுள் ஒன்றாகவே வளையத் தண்டால் தோன்றியது. வளையத்தின் கீழ்த் தொங்கும் நிலையிலிருந்து மேலேறி ஊன்றும் அசைவின் பிற்பாதியும் இதுவே. எடை பூட்டிச் செய்யும் வழக்கம், உடல் எடைப் பயிற்சிகளும் பளுப் பயிற்சியும் கலந்த பயிற்சி முறைகளின் வழியாகப் பொதுமக்களிடையே பரவியது.

இந்தியாவில் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பு 1951இல் அமைக்கப்பட்டது. இந்திய வீரர்கள் 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டில் முதன்முறையாகப் பங்கேற்றனர். தமிழ்நாட்டில் உடற்கல்வி முறையான கல்வித் துறையாக வளர, 1920இல் சென்னையில் ஆரி குரோ பக் என்பவரால் நிறுவப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வழிவகுத்தது. 2005இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், செங்கல்பட்டு மாவட்டத்தில் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலுள்ள மேலக்கோட்டையூரில் அமைந்துள்ளது.

வலிமைப் பயிற்சியில் படிப்படியாக எடை கூட்டும் கருத்து தமிழகத்திற்குப் புதியதன்று. கர்லாக்கட்டை சுழற்றுவோர் சிறிய கட்டையில் தொடங்கி, சுழற்சி சீரான பின்னரே பெரிய கட்டைக்கு மாறுவது மரபு. வளையத் தண்டாலுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

இயற்பியல் அடிப்படை

வளையத் தண்டால் ஏன் கடினமானது என்பதை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 20 கிலோகிராம் பூட்டிக்கொண்டால் மொத்தம் 90 கிலோகிராம். ஒவ்வொரு கையும் 45 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 441 நியூட்டன் விசையைத் தாங்குகின்றது. தொங்குபட்டைகள் தோளுக்கு நேர் மேலே கட்டப்பட்டு, கைகள் தோளுக்கு நேர் கீழே இருந்தால், இவ்விசை முழுவதும் செங்குத்தாகச் செல்லும். பக்கவாட்டில் விசை ஏதும் இராது.

இப்போது ஒவ்வொரு வளையமும் 10 செ.மீ வெளிப்புறம் விலகுவதாகக் கொள்வோம். தோளிலிருந்து உள்ளங்கை வரை கையின் நீளம் 60 செ.மீ எனில், சாய்ந்த கையை மேலும் வெளியே தள்ளும் விசை 441 × 10 ÷ 60, அதாவது ஏறத்தாழ 73 நியூட்டன் ஆகும். சாய்ந்த பட்டை வளையத்தை உள்நோக்கி இழுக்கும். ஆனால் பட்டையின் நீளம் 2 மீட்டர் எனில் அவ்விழுப்பு 441 × 10 ÷ 200, அதாவது ஏறத்தாழ 22 நியூட்டன் மட்டுமே. எஞ்சிய 51 நியூட்டனுக்கு ஈடான வேலையை மார்புத் தசையும் முதுகின் பக்கத் தசையும் செய்தாகவேண்டும். விலகல் 20 செ.மீ ஆனால் இச்சுமை ஏறத்தாழ இரு மடங்காகும். அசையாத கம்பியிலோ இப்பக்கவாட்டு விசையின் பெரும்பகுதியைக் கம்பியே ஏற்றுக்கொள்ளும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

1. தோள்மூட்டின் மேலுள்ள சுமை எடையால் மட்டும் கூடுவதன்று. வளையங்களின் விலகலாலும் கூடுகின்றது. மேற்கண்ட கணக்கில் எடையின்றி 10 செ.மீ விலகினால் எஞ்சும் பக்கவாட்டுச் சுமை 40 நியூட்டன். அதே மனிதர் 20 கிலோகிராம் பூட்டி, விலகலை 5 செ.மீ அளவில் கட்டுப்படுத்தினால் அச்சுமை 26 நியூட்டன் மட்டுமே. ஆகவே எடையின்றித் தவறாகச் செய்வது, எடையுடன் சரியாகச் செய்வதைவிடத் தோளைப் பக்கவாட்டில் அதிகம் வருத்தக்கூடும்.
2. பட்டை நீளமாக இருக்குமளவு வளையத்தை நடுவே இழுத்து நிறுத்தும் விசை குறையும். புதிதாகத் தொடங்குவோர் 1 மீட்டர் அளவிலான குட்டைப் பட்டையில் பழகுவது எளிது.
3. பட்டைகள் கட்டப்படும் இடங்களுக்கு இடையிலுள்ள தூரம் முக்கியமானது. அது தோளகலத்தைவிட மிகுந்திருந்தால், கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்போதும் பட்டைகள் வளையங்களை வெளிநோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

பன்னாட்டுச் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பின் அளவுகளின்படி, தொங்கவிடும் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 50 செ.மீ. வளையத்தின் உள்விட்டம் 18 செ.மீ, பிடியின் தடிமன் 28 மி.மீ, தரையிலிருந்து வளையத்தின் உயரம் 2.80 மீட்டர். பயிற்சி செய்வோருக்கு உயரத்தைப் பற்றிய விதி பொருந்தாது. எடையுடன் செய்வோர், எந்நிலையிலும் காலூன்றி இறங்கத்தக்க உயரத்தில் வளையங்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் 50 செ.மீ என்னும் இடைத்தூரம் எல்லோருக்கும் நல்ல வழிகாட்டியாகும்.

பங்குபெறும் தசைகள்

உடலை மேலே தள்ளும் வேலையைப் பெருமார்புத்தசை, மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத்தசை, தோளின் முன்பகுதித் தசை ஆகியன செய்கின்றன. தோள்பட்டை எலும்பைக் கீழ்நோக்கி அழுத்தி நிறுத்தும் பணியை முதுகுத் தசைகளும் விலா எலும்புகளின் மேலுள்ள தசையும் ஏற்கின்றன. தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகள், மேற்கை எலும்பின் உருண்டையான தலையை அதன் ஆழமற்ற குழியில் பிடித்து வைக்கின்றன. வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் உடல் ஊசலாடாமல் காக்கின்றன.

இவற்றுள் தள்ளும் தசைகள் பெரியவை; விரைவில் வலுப்பெறுபவை. நிலைநிறுத்தும் தசைகளும் தசைநாண்களும் மெதுவாகவே பழகும். ஒரு மாத காலப் பயிற்சியில் ஒருவரால் கூடுதல் எடையைத் தள்ள முடியலாம். அவ்வெடைக்கு அவருடைய தசைநாண்கள் அதற்குள் பழகியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எடையைச் சிறு அளவுகளில் கூட்டவேண்டியதன் காரணம் இதுவே.

கருவிகளும் பொருத்துதலும்

வளையங்கள் மரம், நெகிழி, எஃகு ஆகியவற்றில் கிடைக்கின்றன. வியர்க்கும் கைகளுக்கு மர வளையமே ஏற்றது. பிடிக்கு மக்னீசியம் கார்பனேட்டுத் தூள் பயன்படுத்தப்படுகிறது. தொங்கவிடுவதற்குக் கொக்கிப் பூட்டுடன் கூடிய நைலான் அல்லது பாலியெசுட்டர் பட்டைகள் பயன்படுகின்றன. பூட்டினுள் பட்டையைத் தலைகீழாக நுழைத்தால் அது பளுவின்போது வழுகும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் கால் தரையில் இருக்க, மெதுவாக உடல் எடையை ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.

பொருத்தும் இடம் தாங்கவேண்டிய விசையை, அசையாமல் நிற்கும் எடையைக் கொண்டு மட்டும் கணக்கிடக் கூடாது. மொத்தம் 90 கிலோகிராம் எடை விரைந்து இறங்கிச் சட்டென நிற்கும்போது விசை எளிதில் இரு மடங்காகும். அதாவது சுமார் 1,770 நியூட்டன். பாதுகாப்பிற்காக இதனினும் பல மடங்கு தாங்கக்கூடிய விட்டமே தேவை. மின்விசிறிக் கொக்கியும், கதவுச் சட்டத்தில் செருகும் கம்பியும் இதற்கு ஏற்றவை அல்ல. ஊஞ்சலுக்கென்று கூரைத் தளத்தில் பதிக்கப்பட்ட கொக்கிகள் உறுதியாக இருக்கலாம். ஆனால் அவற்றின் இடைத்தூரம் பெரும்பாலும் 50 செ.மீ-யைவிட அதிகம் என்பதால், வளையங்கள் வெளிநோக்கி இழுக்கப்படும். அத்தகைய இடங்களில் இரு கொக்கிகளுக்கும் குறுக்கே உறுதியான இரும்புக் குழாய் ஒன்றைக் கட்டி, அதில் 50 செ.மீ இடைவெளியில் பட்டைகள் நகராதவாறு மாட்டுவது நல்லது.

கடற்கரைச் சூழல்

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரையுள்ள செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் திறந்தவெளியில் உடற்பயிற்சி செய்வோர் சில தனிக் குறிப்புகளைக் கவனிக்கவேண்டும். மாமல்லன் என்ற பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப் பெயரால் அமைந்த இவ்வூர், இன்று அலைச்சறுக்கு விளையாட்டிற்கும் பெயர் பெற்றது. 2025 ஆகத்து மாதத்தில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டி இங்கு நடைபெற்றது. அலைச்சறுக்குவோரும் துடுப்பு வலிப்போரும் தோள்மூட்டை நாள்தோறும் மிகுதியாகப் பயன்படுத்துபவர்கள். நெடுநேரம் துடுப்பு வலித்த நாளில் எடையுடன் வளையத் தண்டால் செய்வதைத் தவிர்த்து, ஓய்வான நாளில் செய்வது நல்லது.

* உப்புக் காற்று: துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண எஃகுக் கொக்கிகளும் சங்கிலிகளும் கடற்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். 304 வகைத் துருவேறா எஃகைவிட 316 வகை உப்பை நன்கு தாங்கும். பட்டையின் பூட்டிலுள்ள சுருள்வில் துருவேறினால் பட்டை வழுகத் தொடங்கும். பயிற்சிக்குப் பின் நன்னீரில் கழுவி உலர்த்துவது பயனுள்ளது.
* வெயில்: நைலான் பட்டைகள் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் வலிமை இழக்கும். மரத்திலேயே கட்டி விட்டுவைக்காமல், பயிற்சி முடிந்ததும் கழற்றி வைக்கவேண்டும். நிறம் வெளுத்த, ஓரம் பிசிறிய பட்டையை எடையுடன் பயன்படுத்தக் கூடாது.
* மரம்: இக்கரையில் மிகுதியாகக் காணப்படும் சவுக்கிலும் தென்னையிலும் தொங்கவிடத்தக்க கிடைக்கிளைகள் கிடைப்பதரிது. முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பது ஊரறிந்தது. முதிர்ந்த வேம்பு, புளி ஆகியவற்றின் பருத்த, பட்டுப்போகாத கிளைகளே ஏற்றவை. ஒரே உயரத்தில் இரு வளையங்களும் அமையும்படி கிளையின் சாய்வைப் பட்டையின் நீளத்தால் சரிசெய்யவேண்டும்.
* ஈரம்: கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலர்வதில்லை. ஆகவே உள்ளங்கை வழுக்குவதுடன் உடலும் விரைவில் சூடேறும். கத்திரி வெயில் காலத்தில் விடியற்காலையே உகந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த மர வளையங்களை நன்கு உலர்த்திய பின்னரே பயன்படுத்தவேண்டும்.

சரியான முறை

1. மேல்நிலை. கைகளை முழுவதும் நீட்டி, முழங்கையைப் பூட்டி, தோள்களைக் காதுகளிலிருந்து விலகுமாறு கீழே அழுத்தவேண்டும். வளையங்கள் இடுப்புக்கு அருகில், பட்டை மேற்கையில் படாதவாறு இருக்கவேண்டும். உள்ளங்கைகள் சற்று முன்னோக்கும்படி வளையங்களை வெளிப்புறமாகத் திருப்புவது இந்நிலையின் நிறைவாகும். கால்கள் சேர்ந்து, உடலுக்குச் சற்று முன்னே இருக்கும். இடுப்பு வளைந்து பின்தள்ளக் கூடாது.

2. இறங்குதல். மூச்சை உள்ளிழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு, 2 முதல் 3 நொடிகளில் மெதுவாக இறங்கவேண்டும். வளையங்கள் தாமாக உட்புறம் திரும்பி ஒன்றுக்கொன்று இணையாக வரும்; அதனைத் தடுக்க வேண்டியதில்லை. முழங்கைகள் பக்கவாட்டில் விரியாமல் பின்னோக்கிச் செல்லவேண்டும். மார்பு சற்று முன்சாயும். முன்கைகள் எப்போதும் செங்குத்தாகவே இருக்கவேண்டும். முன்கை சாய்ந்தால் வளையம் விலகிவிட்டது என்று பொருள்.

3. கீழ்நிலை. மேற்கை தரைக்கு இணையாகவோ, தோள் முழங்கையைவிடச் சற்றுத் தாழ்வாகவோ வரும்வரை இறங்கினால் போதும். வளையங்கள் விலா எலும்புகளை ஒட்டியிருக்கவேண்டும். இங்கு ஒரு நொடி நிறுத்தவேண்டும். எடையில்லாமல் இதனினும் ஆழமாக இறங்கப் பழகியவர்களும், எடை பூட்டிய தொடக்க வாரங்களில் இவ்வளவோடு நிறுத்துவது நல்லது.

4. எழுதல். வளையங்களைத் தரையை நோக்கி அழுத்துவதாக எண்ணி மேலெழவேண்டும். கடினமான நடுப்பகுதியைக் கடந்தபின் மூச்சை வெளிவிடலாம். கைகள் நேரான பின்னர் வளையங்களை மீண்டும் வெளிப்புறம் திருப்பி, ஒரு நொடி அசையாமல் நின்றபிறகே அடுத்த இறக்கம் தொடங்கவேண்டும். இந்த ஒரு நொடி நிற்க இயலவில்லையெனில், அந்தத் தண்டால் கணக்கில் சேராது.

எடை பூட்டும் முறைகள்

* இடுப்புப் பட்டை: சங்கிலி கோத்த பட்டையில் இரும்புத் தட்டுகளைத் தொங்கவிடுவது. தட்டுகளைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. சங்கிலி நீளமாக இருந்தால் தட்டு ஊசலாடி, வளையங்களையும் ஆட்டும். சங்கிலியைக் குறுக்கி, தட்டைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொள்ள வேண்டும்.
* எடை அங்கி: மார்பையும் முதுகையும் சமமாகச் சுற்றும் அங்கி ஊசலாடாது, ஆகவே தொடக்கத்திற்கு ஏற்றது. மூச்சு விரிவைத் தடுக்குமளவு இறுக்கக் கூடாது.
* முதுகுப் பை: புத்தகப் பையில் எடை வைத்துச் செய்வதைச் சிலர் எளிய வழியாகக் கருதுகின்றனர். அது உடலைப் பின்னோக்கி இழுத்துத் தோளின் முன்பகுதியில் சுமையைக் கூட்டும். வளையங்களில் இதனைத் தவிர்க்கவேண்டும்.

இரும்புத் தட்டுகள் கிடைக்காதவிடத்து நீர்க் குப்பியைப் பயன்படுத்தலாம்; 1 லிட்டர் நீர் 1 கிலோகிராம். நீர் தளும்பாதிருக்கக் குப்பியை முழுவதும் நிரப்பவேண்டும். மணல் மூட்டையாயின் கணக்கில் கவனம் தேவை. உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோகிராம், நீரூறிய மணல் 2 கிலோகிராமை நெருங்கும். நேற்று உலர்ந்திருந்த 10 லிட்டர் மூட்டை இன்று நனைந்திருந்தால், அறியாமலே ஏறத்தாழ 4 கிலோகிராம் கூடிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதே முறை.

எடை கூட்டும் ஒழுங்கு

பயிற்சியாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் படிநிலைகள் வருமாறு:

* முதற்படி: மேல்நிலையில் வளையங்களை வெளிப்புறம் திருப்பி 30 நொடிகள் நிற்றல்; மூன்று முறை.
* இரண்டாம் படி: காலால் மேலேறி, 5 நொடிகளில் மெதுவாக இறங்குதல் மட்டும்.
* மூன்றாம் படி: எடையின்றி, மேற்சொன்ன முறையில் வழுவாது, 8 தண்டால்கள் கொண்ட மூன்று சுற்றுகள்.
* நான்காம் படி: 2.5 கிலோகிராம் பூட்டி, 5 தண்டால்கள் கொண்ட மூன்று சுற்றுகள்.

மூன்றாம் படியை எட்டாதவர் எடை பூட்டக் கூடாது. இணைக் கம்பியில் 20 அல்லது 30 கிலோகிராமுடன் தண்டால் எடுப்பவரும், வளையத்தில் எடையின்றியே தொடங்கவேண்டும். அங்குள்ள எண் இங்குப் பொருந்தாது. நான்காம் படிக்குப் பின், எல்லாச் சுற்றுகளிலும் கடைசித் தண்டால் முதல் தண்டாலைப் போலவே அமைதியாக இருந்தால் மட்டும் அடுத்த வாரம் 1 முதல் 2.5 கிலோகிராம் கூட்டலாம். வளையம் நடுங்கினாலோ விலகினாலோ அதே எடையில் நீடிக்கவேண்டும். தொடர்ந்து இரு முறை அவ்வாறானால் எடையைக் குறைக்கவேண்டும். வாரத்திற்கு இரு நாட்கள் போதுமானது. இடையே குறைந்தது 48 மணி நேர ஓய்வு தேவை. தள்ளும் பயிற்சிக்கு ஈடாக, கம்பியில் தொங்கி மேலேறுதல் போன்ற இழுக்கும் பயிற்சியையும் செய்துவந்தால் தோள்கள் முன்னோக்கிக் குவியா.

பொதுவான பிழைகள்

* முழங்கைகள் சிறகு போல் பக்கவாட்டில் விரிதல். எடை மிகுதி என்பதன் முதல் அறிகுறி இது.
* பட்டையை மேற்கையில் சாய்த்துத் தாங்கிக்கொள்ளுதல். இது நிலைநிறுத்தும் வேலையைத் தசைகளிடமிருந்து பறித்துவிடும்.
* தோள்கள் காதுகளை நோக்கி உயர்தல்.
* கீழ்நிலையில் வேகமாக விழுந்து, அந்த எழுச்சியைக் கொண்டு மேலேறுதல்.
* முழங்கையை முழுவதும் நீட்டாமல் பாதியளவில் எண்ணிக்கையைக் கூட்டுதல்.
* களைத்த பின்னும் எடையைக் கழற்றாமல், எண்ணிக்கையை முடிக்க முயலுதல்.

காயங்களும் முன்னெச்சரிக்கையும்

இப்பயிற்சியில் அஞ்சத்தக்க காயம் பெருமார்புத்தசை கிழிதலாகும். இது பெரும்பாலும் கீழிறங்கும் கட்டத்தில், தசை நீண்டிருக்கும் நிலையில் அதன்மேல் பெரும் பளு ஏறும்போது நிகழ்கின்றது. திடீரென ஏதோ அறுந்தாற்போன்ற உணர்வு, அக்குளை ஒட்டிய மார்பின் வடிவ மாற்றம், மேற்கையில் கன்றிய நிறம் ஆகியன இதன் அறிகுறிகள். உடனே எலும்பு மருத்துவரைக் காணவேண்டும். காலம் தாழ்த்தினால் அறுவைச் சிகிச்சை கடினமாகும். உருவி விடுதலோ எண்ணெய் தேய்த்தலோ கிழிந்த தசைநாணை இணைக்காது.

தோளின் முன்பகுதியில் கூர்மையான வலி, கை நழுவுவதுபோன்ற உணர்வு, மார்பெலும்பின் ஓரத்தில் அழுத்தினால் வலி, முழங்கையின் உட்புற வலி ஆகியவை அடிக்கடி காணப்படும் மற்ற தொல்லைகள். இவை தோன்றினால் எடையை நீக்கி, வலியில்லாத அளவுக்குத் திரும்பவேண்டும். ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவ ஆலோசனை தேவை. முன்பு தோள் நழுவியவர்கள் மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரின் ஒப்புதலின்றி இதனைச் செய்யக் கூடாது.

மார்பின் நடுவே அழுத்தும் வலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவுதல், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியன சேர்ந்து வந்தால் அதனைத் தசைவலி எனக் கருதி இருந்துவிடாமல், 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

பள்ளி மாணவர்கள் எடையின்றிச் செய்யும் முதல் மூன்று படிகளிலேயே பெரும்பயன் அடையலாம். அவர்கள் எடை பூட்டுவது பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே இருக்கவேண்டும். யாராயினும், எடையுடன் தனியே செய்யும்போது கால் தரையை எட்டும் உயரமும், கீழே மென்மையான விரிப்போ மணலோ இருப்பதும் அடிப்படைத் தேவைகளாகும். உடன் நிற்பவர், செய்பவரின் கையைப் பிடிக்காமல் இடுப்பையோ முழங்காலையோ தாங்கவேண்டும். அசையும் கையைப் பிடித்தால் வளையம் மேலும் விலகும்.

இவற்றையும் பார்க்க

* சீருடற்பயிற்சிகள்
* தண்டால்
* கர்லாக்கட்டை
* மல்லர் கம்பம்
* தோள்மூட்டு